மென்னீர்

மனிதன் தன் வாழ்நாளில் இரு பருவங்களில் பிறர் கையால் நீராடுகின்றான். ஒன்று, நிற்கக் கற்றுக்கொள்ளாத மழலைப் பருவம்; மற்றொன்று, நிற்கும் ஆற்றல் மெல்ல நீங்கும் முதுமைப் பருவம். இவற்றிற்கு இடைப்பட்ட காலத்தில் அவன் ஆற்றில் பாய்கின்றான், கிணற்றில் குதிக்கின்றான், அருவிக்குத் தலை கொடுத்து நிற்கின்றான். நீர் எவ்வளவு விசையுடன் விழுகின்றதோ அவ்வளவு மகிழ்கின்றான். ஆனால், முதற் பருவத்திலும் இறுதிப் பருவத்திலும் அவனுக்கு வேண்டுவது விசையன்று, மென்மை. நோயினாலோ விபத்தினாலோ உடல் தளர்ந்தவர்க்கும் வேண்டுவது அதுவே. நீர் ஒன்றுதான், அது விழும் வகைதான் வேறு.

சிற்றூர்களில் குழந்தையை நீராட்டும் காட்சி காணத்தக்கது. பாட்டி மணைமீது அமர்ந்து இரு கால்களையும் நீட்டிக்கொள்கின்றாள். அக்கால்களே குழந்தைக்குத் தொட்டில். அருகில் அண்டாவில் இளஞ்சூடான நீர் இருக்கின்றது. அவள் சொம்பு நீரை நேரே குழந்தையின்மேல் கொட்டுவதில்லை. இடக்கையை விரித்து அதன்மேல் வார்க்கின்றாள். நீர் விரல்களின் இடுக்கு வழியாகப் பிரிந்து, சிறு சிறு தாரைகளாகக் குழந்தையின் மார்பிலும் வயிற்றிலும் வழிகின்றது. தலைக்கு வார்க்கும்போது அதே கையைக் குழந்தையின் நெற்றியில் அணையாக வைக்கின்றாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் இறங்காதபடி காக்கின்றாள். உலகின் முதல் பூந்தாரைக் கருவி தாயின் கையே என்றால் அது மிகையாகாது.

பாட்டியின் கை செய்வதை அறிவியல் எளிதாக விளக்குகின்றது. ஒரு சொம்பு நீர் ஒருங்கே விழுந்தால் அதன் எடை முழுவதும் ஒரே நொடியில் ஓரிடத்தைத் தாக்கும். அதே நீரைப் பல தாரைகளாகப் பிரித்துச் சில நொடிகள் நீட்டித்து விழச் செய்தால், ஒவ்வோர் இடத்தின்மீதும் ஒவ்வொரு நொடியும் விழும் தாக்குதல் மிகச் சிறிதாகிவிடும். ஆனால், வழக்கமாகச் செய்வன அனைத்தும் நல்லன என்று கொள்ளுதல் கூடாது. குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதை மருத்துவர் விலக்குகின்றனர். பிறந்த குழந்தையை 24 மணி நேரம் கழிந்த பின்னரே நீராட்ட வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகின்றது. பாட்டியின் கையிலுள்ள மென்மையைப் போற்றி, தீங்கு தருவதை மட்டும் விலக்குதல் அறிவுடைமையாம்.

நீரை மென்மையாக்கும் கலை நம் நாட்டிற்குப் புதியதன்று. சிவன் கோயில்களில் இலிங்கத் திருமேனிக்கு மேலே தொங்கும் தாராபாத்திரத்தைப் பலரும் கண்டிருப்பர். அதன் அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். திருமுழுக்கின்போது சகஸ்ரதாரை என்னும் துளைத்தட்டைப் பிடித்து, அதன் வழியே நீரைப் பல நூறு இழைகளாகப் பொழிவதும் உண்டு. தோட்டக்காரனின் பூவாளியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வளர்ந்த மரத்திற்குக் குடத்து நீரை அப்படியே ஊற்றுகின்றவன், நேற்று முளைத்த நாற்றுக்குப் பூவாளியைத் தேடி எடுக்கின்றான். இளஞ்செடிக்குக் காட்டும் இவ்விரக்கத்தைத் தளர்ந்த மனிதனுக்கும் காட்ட வேண்டுமன்றோ?

தருமபுரி மாவட்டத்திற்கு நீரின் இருவகை இயல்பும் நன்கு தெரியும். ஒகேனக்கலில் காவிரி பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து ஆர்ப்பரித்து வீழ்கின்றது. உடலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியாட மக்கள் அங்கே திரள்கின்றனர். இளைஞர் பெருந்தாரையை நாடுகின்றனர். குழந்தையுடன் வந்த தாயோ நீர் மெல்லச் சிதறும் ஓரிடத்தைத் தேர்ந்துகொள்கின்றாள். இஃது ஒரு முகம். மற்றொரு முகம் துயரமானது. இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு என்னும் உப்புக்கூறு மிகுந்துள்ளது. குடிநீரில் அதன் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. அதனைவிட மிக்க நீரைப் பல்லாண்டு பருகியவர்க்கு முதலில் பற்களில் கறை படியும். நாளடைவில் எலும்புகள் தடித்து, மூட்டுகள் இறுகி, முதுகு விறைத்துப்போகவும் கூடும். இத்துன்பத்தைத் தடுக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்றது. ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன் நிறைவேறிய அத்திட்டம் 2013-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பெற்றுக் காவிரி நீரை ஊர்களுக்குக் கொணர்ந்தது. இனி வளரும் தலைமுறையை அது காக்கும். ஆயினும், முன்னரே இறுகிப்போன மூட்டுகளை எந்த நீராலும் நெகிழ்விக்க இயலாது.

அம்மாவட்டத்தின் பாப்பாரப்பட்டியில் அத்தகைய மூட்டுகளை உடைய ஒரு முதியவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். ஒரு காலத்தில் ஏர் பிடித்த கைகள் அவருடையவை. இப்போது அக்கைகள் தோளுக்குமேல் உயர்வதில்லை. குந்தி அமர முடிவதில்லை. அமர்ந்தால் எழ முடிவதில்லை. மகன்தான் அவரை நீராட்டுகின்றான். அன்புடையவனே, ஆனால் வேலைக்குச் செல்லும் விரைவு அவனுக்கு. குவளை குவளையாக மொண்டு தலைமேல் ஊற்றுகின்றான். முதியவர் மூச்சுத் திணறுகின்றார், உடல் நடுங்குகின்றது. அதனினும் பெரிய துன்பம் ஒன்று உண்டு. தாம் வளர்த்த மகன்முன் உடையின்றி அமர்ந்திருக்க அவர் உள்ளம் கூசுகின்றது. ஆகவே ஒவ்வொரு நாளும், “இன்று வேண்டாமப்பா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்கின்றார். நாளை, நாளை என்றே நாள்கள் கழிகின்றன. வீட்டார் அதனைப் பிடிவாதம் என எண்ணுகின்றனர். அது பிடிவாதமன்று; மானம்.

அவ்வீட்டில் பள்ளியில் படிக்கும் பெயர்த்தி ஒருத்தி இருக்கின்றாள். தம்பிப் பாப்பா பாட்டியின் காலில் சிரித்துக்கொண்டே நீராடுவதையும், தாத்தா நீரைக் கண்டு நடுங்குவதையும் அவள் ஒரே முற்றத்தில் காண்கின்றாள். “அப்பா, பாப்பாவுக்கு ஊற்றுவது போலத் தாத்தாவுக்கும் ஊற்றினால் என்ன?” என்று கேட்கின்றாள். கேள்வி சிறியது, ஆனால் தந்தையைச் சிந்திக்க வைக்கின்றது. அடுத்த வாரம் குளியலறைக் குழாயில் ஒரு கைத்தூவி பொருத்தப்படுகின்றது.

கைத்தூவியைக் கடைக்காரர் ‘டெலிபோன் ஷவர்’ என்பர். பழைய தொலைபேசியின் கைப்பிடியைப் போல இருப்பதால் அதற்கு அப்பெயர். துளைகள் நிறைந்த தலை, வளையும் நீண்ட குழாய், குழாய்வாயுடன் இணைக்கும் மரை, மாட்டிவைக்கும் கொக்கி ஆகிய நான்கே அதன் உறுப்புகள். சுவரில் உயரத்தே நிலைத்திருக்கும் ஷவரின்கீழ் மனிதன் போய் நிற்க வேண்டும். கைத்தூவியோ அமர்ந்திருக்கும் மனிதனிடம் தானே வருகின்றது. மரையிட்டுப் பொருத்த இயலாத குழாய்களில், வாயில் செருகிக்கொள்ளும் ரப்பர் முகப்புடைய தூவிகளும் உண்டு. கழிவறைகளில் பயன்படும் கைப்பீச்சியை மட்டும் இதற்கு மாற்றாகக் கொள்ளலாகாது. அதன் தாரை கூர்மையானது, மென்மையான தோலுக்கு ஏற்றதன்று.

நீரின் அழுத்தம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத்திலுள்ள நீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தம் தரும். குழாய்க்கு மேலே 3 மீட்டர் உயரத்தில் மட்டுமே தொட்டி இருப்பின், அழுத்தம் அதில் பத்தில் மூன்று பங்கேயாகும். எனவே சிற்றூர் வீட்டில் நீர் இயல்பாகவே மெதுவாக வரும். இதனைக் குறையென்று கருத வேண்டுவதில்லை, தளர்ந்தவர்க்கு அதுவே நன்மை. ஆனால் உப்பு மிகுந்த நீர் துளைகளை அடைத்துவிடும். சில துளைகள் அடைபட்டால் எஞ்சிய துளைகளில் நீர் கூர்மையாகப் பாயும். அப்போது தூவியின் தலையைக் கழற்றிப் புளிக்காடியில் சிறிது நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் படிவு கரையும்.

அவ்வீட்டுக் குளியலறையில் இப்போது வழுக்காத நாற்காலி ஒன்று இடப்பட்டுள்ளது. சுவரில் பிடித்தெழக் கைப்பிடி ஒன்றும் அமைந்துள்ளது. கைத்தூவியை மகன் தந்தையின் கையில் தருகின்றான். தோளுக்குமேல் உயராத அக்கை, மடிக்குமேல் எழுந்து மார்புவரை செல்கின்றது, அவ்வளவு போதும். முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு மார்பு என்று நீர் மெல்ல ஏறுவதால் உடல் நடுங்கவில்லை. சிறிது நேரம் கழித்து முதியவர் சொல்கின்றார்: “நீ வெளியே இரு, தம்பி. நானே பார்த்துக்கொள்கிறேன். முதுகுக்கு மட்டும் கூப்பிடுகிறேன்.” பல திங்களாக இழந்திருந்த ஓர் உரிமை அவருக்கு மீண்டுவிட்டது. அதன் விலை ஒரு முழக் குழாயும் துளைத்த தட்டுமே.

மென்மைக்கு அடுத்து வேண்டுவது வெப்பத்தைப் பற்றிய விழிப்பு. 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் ஏறத்தாழ ஐந்தே நொடிகளில் வளர்ந்தவரின் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். குழந்தைக்கு அத்தனை நேரமும் வேண்டாம். குழந்தையை நீராட்ட 37 அல்லது 38 பாகை போதும். முதலில் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் கலத்தில் ஊற்றிக் கலக்க வேண்டும். நீராட்டுபவர் தம் முழங்கையையோ மணிக்கட்டின் உட்புறத்தையோ நனைத்துப் பார்த்த பின்னரே பிறர்மேல் வார்க்க வேண்டும். ஏனெனில், சுடுகின்றது என்று சொல்லக் குழந்தைக்கு வாயில்லை. சிலருக்கோ சுடுவதை உணர உடலில் உணர்ச்சியே இல்லை.

அத்தகையோரை எண்ணும்போது பாப்பாரப்பட்டியில் ஒரு பெயர் நினைவில் எழாமற் போகாது. அவ்வூர் மண்ணில் உறங்குபவர் தியாகி சுப்பிரமணிய சிவா. 1884-ஆம் ஆண்டு வத்தலக்குண்டில் பிறந்த அவர், வ. உ. சிதம்பரனாருடன் 1908-ஆம் ஆண்டு சிறைப்பட்டார். சிறையில் அவரைத் தொழுநோய் பற்றியது. 1912-ஆம் ஆண்டு விடுதலையான பின்னரும் அவர் ஓயவில்லை. தொழுநோயாளர் புகைவண்டியில் ஏறலாகாதென அரசு தடுத்தபோது, கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று விடுதலை வேட்கையை ஊட்டினார். பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமம் நிறுவினார்; பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பக் கனவு கண்டார். 1925-ஆம் ஆண்டு சூலை 23-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார்.

அவர் காலத்தில் அந்நோய்க்குத் தக்க மருந்தில்லை. அந்நோயை விளைக்கும் நுண்ணுயிரை நார்வே நாட்டு ஹான்சன் 1873-ஆம் ஆண்டே கண்டறிந்திருந்தார். எனினும் பயன் தரும் மருந்துகள் 1940-களில்தான் தோன்றின. 1980-களில் பரவிய கூட்டு மருந்து நோயை முற்றிலும் போக்க வல்லது. வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்குக் காரணம் பெரிதும் உணர்ச்சியின்மையே என்று உலகுக்கு விளக்கினார். நரம்பு மரத்துப்போனதால் சூட்டையும் காயத்தையும் உணராமல் அவர்கள் தம்மையே புண்ணாக்கிக்கொள்கின்றனர். ஆகவே, குணமடைந்த பின்னும் அவர்கள் நாள்தோறும் காலைச் சூடற்ற நீரில் இருபது நிமிடம் அளவு ஊறவைத்து, காய்த்த தோலை மெல்லத் தேய்த்தகற்றி, ஈரம் உலருமுன் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். வெந்நீராயின், உணர்ச்சியுள்ள மற்றொருவரின் கை அதனை முன்னரே தொட்டுப் பார்க்க வேண்டும். தொடுவதற்கு அஞ்சிய உலகம் அவர்களை வண்டியிலிருந்து இறக்கியது. தொட்டுப் பார்க்கும் ஒரு கையே அவர்களைக் காப்பதாயிற்று.

குழாய் இல்லாத வீட்டிலும் இவ்வுதவி அரியதன்று. ஒரு நெகிழிப் புட்டியின் மூடியில் ஊசியால் பத்துப் பன்னிரண்டு துளைகள் இட்டு, அளவான சூடுள்ள நீரை நிரப்பிச் சாய்த்தால் அதுவே பூந்தாரை. தோட்டத்துப் பூவாளியைத் தூய்மை செய்து பயன்படுத்தினும் ஆகும். நீர் அருகிய ஊரில் இது சிக்கனமும் ஆகும். நிமிடத்திற்கு 8 லிட்டர் பொழியும் கைத்தூவியை ஐந்து நிமிடம் திறந்தே வைத்தால் 40 லிட்டர் செலவாகும்; சோப்புத் தேய்க்கும்போது நிறுத்திவைத்தால் ஒரு வாளி நீரே போதுமானதாகிவிடும்.

கருவியைக் கடையில் வாங்கலாம். மென்மையைக் கடையில் வாங்க இயலாது. தளர்ந்தவரை நீராட்டுமுன், “நீர் சூடு போதுமா? இப்போது தலைக்கு ஊற்றலாமா?” என்று கேட்கும் பழக்கம் வேண்டும். மறைக்க வேண்டியவற்றை ஒரு துண்டால் மறைத்து, அவர் செய்யக்கூடியதை அவரிடமே விட்டு, இயலாததை மட்டும் செய்தல் வேண்டும். நம்மை ஒரு காலத்தில் விரல் இடுக்கு வழியே நீர் வார்த்து நீராட்டிய கைகள் இன்று நடுங்குகின்றன. நெற்றியில் அணையாக நின்ற அக்கைகளுக்கு, நம் கைகள் இப்போது அணையாகட்டும்.