ஏரிக்கு என்ன விலை?

காஞ்சிபுரத்தை அடுத்த ஏகனாபுரத்தில் போராட்ட நேரம் இரவுதான். பகலில் வயல் வேலை இருக்கிறதே! 2022-ல் தொடங்கிய இரவுக் கூட்டங்கள் 1,000 நாட்களைத் தாண்டின.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்தைப் பரந்தூரில் அமைக்க 13 கிராமங்களில் 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். ஆரம்ப மதிப்பீடே 20,000 கோடி ரூபாய். மீனம்பாக்கத்தில் இடம் போதாது, தொழில் பெருகும் என்பது அரசின் வாதம். ஏகனாபுரம் கிராம சபைத் தீர்மானங்களால் பதில் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலையும் புறக்கணித்தது.

பிரச்னை நிலத்தோடு முடியவில்லை. பாலாற்று நீரை ஏரி ஏரியாக நிரப்பி ஸ்ரீபெரும்புதூர் வரை கொண்டுசெல்லும் கம்பன் கால்வாய் இவ்வழியேதான் போகிறது. வயலுக்கு இழப்பீடு தரலாம். ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஊருக்கு அனுப்பும் தண்ணீருக்கு?