முகமூடிப் படலம்

ஒரு வீட்டில் குறட்டை விடுகிறவன் ஒருவனுக்குத்தான் குறட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாமும் 46 வயது வரையில் அந்த அறியாமையில் சுகமாக வாழ்ந்து வந்தோம். பள்ளிக்கூடத்தில் பகல் சாப்பாட்டிற்குப் பிறகு கண் சொருகினால், பழியைச் சாம்பார் சாதத்தின் மேல் போட்டோம். பிள்ளைகள் நமக்குக் 'கும்பகர்ணர்' என்று பட்டம் சூட்டியிருப்பது காதில் விழுந்தபோதுகூட, இராமாயணத்தில் அவர்களுக்கு இவ்வளவு பரிச்சயம் இருக்கிறதே என்று மகிழ்ந்தோமேயன்றி வேறொன்றும் நினைக்கவில்லை.

அந்த மகிழ்ச்சி 2023-ஆம் வருஷம் ஒரு நாள் காலையில் முடிவடைந்தது. பெண்ணை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். "அப்பா! அப்பா!" என்ற அலறலுடன் முதுகில் இரண்டு குத்து விழுந்தது. கண்ணைத் திறந்தோம். ஆம், திறந்தோம், அதற்கு முன் அது மூடியிருந்தது என்று அர்த்தம். எதிரே பத்தடி தூரத்தில் ஒரு மணல் லாரி நின்றுகொண்டிருந்தது. எப்படியோ வண்டியை நிறுத்தினோம். குழந்தை வீட்டில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் போவதாக மட்டும் சொல்லிற்று.

வைத்தியர் நம்மிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நமது மனைவியே பதில் சொன்னாள். "குறட்டை திடீரென்று நின்றுவிடும், டாக்டர். மூச்சும் நின்றுவிடும். நான் எண்ணிக்கொண்டிருப்பேன். முப்பது வரைகூட எண்ணியிருக்கிறேன். அப்புறம் ஒரு திணறல், மறுபடியும் குறட்டை." எத்தனை வருஷங்களாக இப்படி எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்க நமக்குத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் கம்பிகளை ஒட்டிக்கொண்டு ஓரிரவு படுத்ததில், மணிக்கு 38 தடவை நமது மூச்சு நிற்கவோ குறையவோ செய்கிறது என்று தெரிந்தது. 5-க்குக் கீழே இருந்தால் குற்றமில்லை. 30-க்கு மேல் போனால் கடுமை என்று கணக்கு. 'ஸ்லீப் ஆப்னியா' என்று இதற்குப் பெயர். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகின்றன. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு நம்மை அரைகுறையாக எழுப்புகிறது. இரவெல்லாம் எழுந்து எழுந்து படுத்தவனுக்குப் பகலில் தூக்கம் வராமல் என்ன செய்யும்? இரத்த அழுத்தம் ஏறியிருந்ததற்கும் இதில் பங்குண்டு என்றார் வைத்தியர்.

பரிகாரம், ஒரு சிறு யந்திரம். அது குழாய் வழியாக ஓயாமல் காற்றை அழுத்தி அனுப்பும். அந்தக் காற்றே தொண்டையை அடைபடாமல் தாங்கிப் பிடிக்கும். 'சீபாப்' என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரத்து வைத்தியர் காலின் ஸல்லிவன் 1980-இல் இதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பிரயோகித்து, அடுத்த வருஷம் 'லான்செட்' பத்திரிகையில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதற்கு முன்னெல்லாம் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி. ஸல்லிவன் தூசி உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு காற்றை அனுப்பினார். ஆரம்ப காலத்து முகமூடிகளோ, ஒவ்வொரு நோயாளியின் முகத்திற்கும் தனித்தனியாக அச்சு எடுத்துச் செய்து, இரவுதோறும் பசை தடவி ஒட்டப்பட்டவை. மோட்டாரைக் கடையில் வாங்கிவிடலாம், மூக்கை மட்டும் அளந்துதான் ஆகவேண்டும் என்பதை அந்த மனிதர் அன்றைக்கே அறிந்திருந்தார்.

நமக்கு யந்திரம் கொண்டுவந்த கடைக்காரர் அதை அறிந்தவரல்லர். வாசலில் நின்றபடியே, "இது எல்லாருக்கும் பொருந்தும், சார்" என்று மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய முகமூடி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிரவு அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தோம். ஆகாய விமானியைப் போல் இருந்தது. படுத்தவுடன் விமானம் விழுந்துவிட்டது. ஒருக்களித்தால் ஓரத்தில் காற்று பீறிட்டுக் கண்ணில் அடிக்கும். பட்டைகளை இறுக்கினோம். இறுக்க இறுக்க மெத்தைபோன்ற ஓரம் மடங்கி, காற்று இன்னும் அதிகமாகக் கசிந்தது. மூக்குத்தண்டு புண்ணானதுதான் மிச்சம். பாதி ராத்திரியில் நம்மை அறியாமலே கழற்றி எறிந்துவிடுவோம். பத்தாம் நாள் யந்திரம் பீரோவிற்குள் போயிற்று. உறவினர் கேட்டால், "அது நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றோம். மூன்று மாதம் அப்படியே கழிந்தது.

ஒருநாள் இரவு ஏதோ கனவில் விழித்தபோது, நமது மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நம் மார்பில் கையை வைத்துக்கொண்டிருப்பதைக் கண்டோம். மணி மூன்று. "ஏன் தூங்கவில்லை?" என்றோம். "நீங்கள் தூங்குங்கள்" என்றாள். மறுநாள் பீரோவைத் திறந்தோம்.

இம்முறை தூக்கப் பரிசோதனை செய்யும் ஆஸ்பத்திரிக்கே போனோம். அங்கிருந்த இளைஞர், அதுவரை யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்டார். எந்தப் பக்கம் படுப்பீர்கள்? வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் ஐந்து நிமிஷம் மூச்சு விட முடியுமா? முகத்தை மூடினால் பயமாக இருக்கிறதா? படுக்கையில் மூக்குக் கண்ணாடி போட்டுப் படிப்பதுண்டா? உடம்பில் 'பேஸ்மேக்கர்' போன்ற கருவி ஏதாவது வைத்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்குக் காரணம், சில முகமூடிகளின் கொக்கிகளில் காந்தம் இருக்கிறது. அத்தகையவர்களுக்கு அது ஆபத்து.

பெரிய முகமூடி கெட்டதென்று அவர் சொல்லவில்லை. மூக்கால் மூச்சு விடவே முடியாதவர்களுக்கு அதுதான் கதி. ஆனால் மூக்கு நன்றாக இருக்கிறவர்கள் மூக்கை மட்டும் மூடுவதில் தொடங்குவதே உசிதம். பெரியது சிலருக்குத் தாடையைப் பின்னுக்குத் தள்ளி, எந்த வழியைத் திறக்க வந்ததோ அதையே குறுக்கிவிடும் என்றார். எண்ணெய்ப் பிசுக்குப் போக நம்மை முகம் கழுவி வரச் சொன்னார். அட்டையில் வெட்டிய அளவொன்றை மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு கட்டிலில் படுக்க வைத்து, யந்திரத்தை முழு அழுத்தத்தில் ஓடவிட்டு, அந்த நிலையில்தான் பட்டைகளைச் சரிசெய்தார். உட்கார்ந்திருக்கும் முகம் வேறு, படுத்திருக்கும் முகம் வேறு அல்லவா?

மூக்கு முகமூடி ஏறக்குறையப் பொருந்திற்று. ஆனால் மேலுதட்டில் கசிந்தது. இளைஞர் சிறிது தயங்கி, "சார், மீசை..." என்றார்.

நேயர்களே, நமது மீசை கல்லூரி நாளிலிருந்து நம்முடன் இருப்பது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்னும் பழமொழியைப் பல வருஷங்கள் வகுப்பில் விளக்கியிருக்கிறோம். அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. எடுத்துவிடலாம் என்று நாம் வாயைத் திறப்பதற்குள் அவரே மூன்றாவது ஒன்றை எடுத்தார். மூக்குத் துளைகளின் வாயிலில் மட்டும் பொருந்தும் இரண்டு சிறு சிலிக்கோன் குமிழ்கள். மீசை தப்பியது; கண்ணாடி போட்டுப் படிக்கவும் இடமிருந்தது.

முதல் வாரம் வாய் திறந்து காற்று வெளியேறி, நாக்கு உலர்ந்து போயிற்று. யந்திரத்தின் ஈரமூட்டும் தொட்டியில் வாலைவடி நீர் நிரப்பியதும், மூக்கடைப்பிற்கு வைத்தியர் மருந்து கொடுத்ததும் அதைக் குறைத்தன. இன்னோர் ஆபத்து நமது தாயார் ரூபத்தில் வந்தது. முகமூடியிலுள்ள பொடித் துளைகளில் காற்று 'உஸ்' என்று போவதைக் கேட்டு, "ஏண்டா, காற்றெல்லாம் வீணாகிறதே!" என்று பஞ்சை வைத்து அடைக்க வந்துவிட்டாள். நாம் விடும் கரியமில வாயு வெளியே போகும் வழியே அதுதான். அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப வாங்க வேண்டியதுதான். இதை அவளுக்கு விளங்க வைக்க ஒரு பாட வேளை ஆயிற்று.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விழித்தபோது ஜன்னலில் வெயில் வந்திருந்தது. குமிழ்கள் மூக்கிலேயே இருந்தன. மணி ஏழேகால். பால்காரர் மணியடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக ஐந்து மணிக்கே எழுந்துவிடும் நமது மனைவி, சுவர்ப்பக்கம் திரும்பி, குழந்தையைப் போல் தூங்கிக்கொண்டிருந்தாள். மெல்ல எழுந்துபோய்ப் பாலை வாங்கிக் காப்பி போட்டோம். டிகாஷன் தண்ணீராக இருந்தது. எட்டு மணிக்கு அவள் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் அதைக் குடித்தாள்.