கைக்கு எட்டாத போல்ட்

போன ஆடித்தபசுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. காலையில் அம்பாசடரின் சாவியைத் திருப்பினேன். “டக்” என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி நன்றாகவே இருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போய்விட்டது. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பலாம். ஆனால் அந்த வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது.

என் வண்டி 1978 மாடல், மார்க் 3. அரசு அலுவலகம் ஒன்றில் ஓடி, கண்டம் செய்யப்பட்டு, ஏலத்துக்கு வந்தபோது எடுத்தேன். மதுரைக்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்குக் கொடுத்துவிடலாம் என்றே தோன்றியது. ஸ்டார்ட்டர் கெட்டதற்காக அல்ல. அதைக் கழற்றக் கை இல்லை என்பதற்காக.

அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். ஸ்டார்ட்டர் இன்ஜினின் வலப்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே பதுங்கியிருக்கும். இரண்டே போல்ட்தான். கீழ் போல்ட்டை வண்டிக்கு அடியில் படுத்துக் கழற்றலாம். மேல் போல்ட் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. இப்படி ஏன் வைத்தார்கள் என்று முன்பெல்லாம் திட்டுவேன். தொழிற்சாலையில் இன்ஜினை வெளியே வைத்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, அப்புறம்தான் வண்டிக்குள் இறக்குகிறார்கள். பூட்டுகிறவனுக்குச் சுலபம். கழற்றுகிறவனை யாரும் நினைப்பதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் பிரெவே வரை படித்தவன். மீட்டர், சென்டிமீட்டர்தான் எனக்குப் பழக்கம். இந்த வண்டியோ இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. எல்லாம் இஞ்ச் கணக்கு. அந்தப் போல்ட்டுக்கு 9/16 இஞ்ச் ஸ்பேனர் வேண்டும். 14 மில்லி உள்ளே போகாது, 15 மில்லி லூசாக நிற்கும். ஒருமுறை அவசரத்தில் நான் 15 மில்லியைப் போட்டு முறுக்கி, போல்ட் தலையைப் பாதி மழுக்கி வைத்திருந்தேன். அந்தக் குற்றமும் சேர்ந்து உறுத்தியது.

பழைய மேஸ்திரிக்குப் போன் செய்தேன். ராஜபாளையம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தவர், மூடி ஆறு வருஷமாகிறது. ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். பானட்டைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் துழாவினார். பிறகு மெல்ல வெளியே எடுத்தார்.

“சுகர் வந்ததுல இருந்து விரல் மரத்துக் கெடக்கு சார். வேலை எனக்குத் தெரியுது, விரலுக்குத் தெரிய மாட்டேங்கு.”

நாற்பது வருஷம் எத்தனையோ வண்டியைக் கழற்றிப் பூட்டிய கை. அதைப் பார்க்காமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்து லாரி பட்டறைப் பையனைக் கூப்பிட்டோம். அவன் கை முறம் போல, பாதி தூரம்கூடப் போகவில்லை. “இன்ஜினைத் தூக்கிரலாம் தாத்தா” என்றான்.

அப்போதுதான் தென்காசியிலிருந்து வந்திருந்த பேத்தி, “நான் பாக்கட்டுமா?” என்றாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நான் வேண்டாம் என்பதற்குள் மேஸ்திரி அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டார்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த ஒயரில் ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து இடம் பண்ணினார். போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டார். அதற்குள் ஒரு போல்ட்டும் நட்டும் அவள் கையில் கொடுத்து, “கண்ணை மூடிக்கிட்டு இதைக் கழத்தி மாட்டும்மா” என்றார். பத்து முறையாவது செய்ய வைத்திருப்பார். ஸ்பேனர் உள்ளே விழுந்துவிடாமல் அதில் ஒரு நூலையும் கட்டினார்.

அவள் கையை விட்டாள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். “உருண்டையா ஒண்ணு தட்டுதா? அதுதான் மோட்டார். அது மேலயே பின்னால போ. விளிம்பு வருதா? அங்க நில்லு. அவசரப்படாத, ஸ்பேனர் முழுசா உக்காரட்டும். வழுக்குற மாதிரி இருந்தா விட்ரு.” அவர் விரல்களும் காற்றில் அசைந்துகொண்டே இருந்தன.

கால் மணி நேரம் ஆனது. “தாத்தா, அசையுது!” என்றாள். எனக்குக் கண் கலங்கியது உண்மை.

அடியில் படுத்திருந்த பையன் கீழ் போல்ட்டைக் கழற்றி, மோட்டாரை முன்னால் நகர்த்தி, இரண்டு கையாலும் தாங்கி இறக்கினான். நல்ல கனம். பிரித்துப் பார்த்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. வைண்டிங் கடையில் மாற்றிவிட்டார்கள். மழுங்கிய போல்ட்டுக்குப் பதில் புதுசு போட்டோம். திரும்பப் பூட்டும்போது ஸ்பேனருக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவி, போல்ட்டை ஒட்டவைத்து அனுப்பினார் மேஸ்திரி. அதையும் அவள்தான் பூட்டினாள்.

ஸ்டார்ட்டருக்குப் பிரெஞ்சில் தெமரேர் என்பார்கள். துறையில் கட்டிய கப்பலின் கயிற்றை அவிழ்ப்பது என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். சாயங்காலம் இன்ஜின் கிளம்பியபோது அதுதான் ஞாபகம் வந்தது.

உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. 2017இல் அந்தப் பெயரையே பிரான்சின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. பெயரை வாங்கலாம். கழற்றத் தெரிந்த கையை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

தபசு அன்று உள்ளூர் விடுமுறை. வண்டியில் மேஸ்திரியையும் ஏற்றிக்கொண்டு கோமதியம்மன் தபசுக் காட்சிக்குப் போனோம். கூட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தோம். மதுரைக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை பேத்தி வரும்போது பிளக் சுத்தம் பண்ணவும், பாயிண்ட் இடைவெளி வைக்கவும் சொல்லித் தருவதாக மேஸ்திரி வாக்குக் கொடுத்திருக்கிறார். என்னையும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். 15 மில்லி ஸ்பேனரைத் தொடக் கூடாது என்பதுதான் நிபந்தனை.