பிசின்

வில்லியனூர்ப் பக்கம் ஒரு கடைசல் பட்டறையில் சில மாதங்களாகப் பழகி வருகிறேன். பழகத் தருவது பைன். இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளைப் பிரித்த பலகை. தென்னாட்டுக்குச் சொந்தமில்லாத மரம். மிருதுவானது என்பார்கள். பாதிதான் உண்மை. வசந்தத்தில் வளர்ந்த பகுதி பஞ்சு, பருவக் கடைசியில் வளர்ந்த கருவளையம் எலும்பு. உளி இரண்டையும் மாறி மாறிச் சந்திக்கிறது. அழுத்தினால் பஞ்சு பிய்கிறது, வளையம் மேடாக நிற்கிறது. "அழுத்தாத தம்பி, உளியத் தீட்டு" என்பார் ஆசாரி. மிருது என்றால் எளிது என்று படித்துக்கொள்ளும் பழக்கம் நம் கவிதை விமர்சனத்திலும் உண்டு.

பிறகு பிசின். உப்புத்தாள் பட்டதும் சூட்டில் கசிந்து தாளை அடைத்துவிடுகிறது. தாள் தேய்ப்பதை விட்டு வழுக்குகிறது. பலகையில் எச்.டி. முத்திரை இருக்கிறது: நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கியது. பூச்சி சாக அது போதும், பிசின் இறுகப் போதாது.

சன்னபட்ணாவில் இதே உராய்வுச் சூடுதான் வேலை செய்கிறது. சுழலும் வெட்பாலையில் அரக்குக் குச்சியை அழுத்த, உருகி நிறமாகப் படிகிறது. தாழை மடல் மெருகேற்றுகிறது. அங்கே பிசின் பூச்சி தந்தது, வெளியிலிருந்து வருகிறது. இங்கே மரம் தன் காயத்தை மூட வைத்திருந்தது, உள்ளிருந்து வருகிறது. ஆசாரிக்கு இந்த வித்தியாசத்தில் அக்கறையில்லை. வேகத்தைக் குறைத்து, தாளை மாற்றித் தருகிறார். கை கழுவ டர்பன்டைன். அதுவும் பைன் பிசினை வடித்து எடுத்ததுதான்.