பைக் அவனிடம், தவணை எங்களிடம்

போன வருஷம் வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். அம்மா முந்தின நாள் சுற்றிய பீடியைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். குழுக்கடன் கம்பெனியிலிருந்து வந்தவர் நாற்காலி கேட்டு வாங்கி வாசலிலேயே போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு தவணை நிக்கிது. வாங்கிட்டுத்தான் போவேன்" என்றார். தையல் மிஷின் வாங்க என்று சொல்லி அம்மாவிடம் கையெழுத்து வாங்கிய கடன் அது. மிஷின் எங்கே என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டோம்.

நாங்கள் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடன் வாங்கியவள் எங்களில் இளையவள். காதலித்தவளும் அவள்தான். ஆனால் இப்போது அம்மாவும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கட்டுகிறோம். இதை எழுதலாமா என்று மூன்று பேரும் பேசினோம். "எழுதுக்கா, பேரு மட்டும் போடாத" என்றாள் அவள். எங்களில் மூத்தவள் சமூகவியல் முதுகலை படித்தவள். ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் குழுக்கடனைப் பற்றிப் பேசுவதுதான் அவளுக்கு வேலை. சொந்த வீட்டில் நடந்தது அவள் கண்ணில் படவில்லை.

மூன்று வருஷப் பழக்கம். அவன் எங்களைவிட மேல் என்று சொல்லிக்கொள்ளும் சாதி. "கையில ஒரு தொழில் இருந்தா எங்க வீட்டு வாயை அடைச்சிரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். குற்றாலத்தில் சீசன் கடை போட முன்பணம் வேண்டும், குழுக்கடன் 50,000 அதற்குப் போனது. அலைய பைக் வேண்டும், அது தவணையில் வந்தது. போனும் அப்படித்தான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு கடன் நின்றுபோய் சிபில் கெட்டிருந்தது. இவளுக்கோ ஜவுளிக்கடைச் சம்பளம் மாதாமாதம் வங்கியில் ஏறும். அதனால் எல்லாக் காகிதமும் இவள் பெயரில். பிறகு அவன் வீட்டில் பெண் பார்த்தார்கள். பதினைந்து நாளில் எல்லாம் முடிந்தது.

அவன் ஏமாற்றத் திட்டம் போட்டு வந்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. அவனும் நம்பியிருக்கலாம். ஆனால் அவன் வீட்டு வாயை அடைக்கும் செலவு ஏன் இவள் தலையில் விழுந்தது? எங்கள் பெண்ணை அந்த வீட்டுக்குத் தகுதியானவளாக ஆக்க எங்கள் பெண்ணே கடன் வாங்கியிருக்கிறாள். வரதட்சணை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கல்யாணமே நடக்கவில்லையே.

அன்று ராத்திரி ரேஷன் கார்டு வைத்திருக்கும் டப்பாவிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து எழுதினோம். குழுக்கடன் மாதம் 2,600. பைக் 3,850. போன் 1,650. இதையெல்லாம் கட்ட முடியாமல் செல்போன் ஆப்பில் எடுத்த கடனுக்கு 2,700. அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கியில் அடகு, வட்டிக்கு ஏறக்குறைய 600. ஆக மாதம் 11,400. இவள் சம்பளம் 9,000. போதாதற்குத் தையற்கடை அக்காவிடம் கைமாற்று 15,000. ஏழு மாதமாக இந்தக் கணக்கை ஒருத்தியே தலைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறாள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மேல் போகாத குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எங்கள் மூவர் வருமானம் 24,800. தவணை அதில் பாதிகூட இல்லை. அதாவது விதியின் கண்ணில் நாங்கள் பத்திரமான குடும்பம். குடும்பத்துக்கே தெரியாமல் ஒருத்தி மட்டும் கட்டுவாள் என்பது எந்தப் படிவத்தில் வரும்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். கடனைச் சொன்னால் அவனைச் சொல்ல வேண்டும். அவனைச் சொன்னால் தெருவே பேசும். "சாதி விட்டுச் சாதி போனா இப்படித்தான்" என்று அந்தத் தெருவில் சொல்வார்கள், எங்கள் தெருவிலும் சொல்வார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். கதவு திறந்திருக்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் காலை ஏழு மணி.

அம்மாவுக்கு அன்று பயம் வேறு. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் காசிதர்மத்துக் கூலித்தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளோடும் தீக்குளித்தார். கந்துவட்டி. நாலு பேருமே பிழைக்கவில்லை. அப்போது நெல்லை மாவட்டம்; இன்று காசிதர்மம் எங்கள் தென்காசி மாவட்டம். அதிக வட்டி வசூலுக்குத் தடைச் சட்டம் 2003லிருந்தே தமிழ்நாட்டில் இருக்கிறது. அவர்கள் மனு கொடுக்காதவர்களும் அல்ல, திரும்பத் திரும்பக் கொடுத்தவர்கள். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்த அம்மா, ஏழு மாதம் பேசாமலிருந்த மகளைப் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டாள். ராத்திரி இரண்டு தடவை எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தாள்.

மறுநாள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தோம். நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன்காரரைக் கூப்பிடக் கூடாது என்பது அதே 2022 விதி. 2025இல் தமிழ்நாட்டிலும் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச்சட்டம் வந்துவிட்டது. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போவோம், 14448க்கும் போன் போடுவோம் என்று எழுதினோம். அதற்குப் பிறகு ஏழு மணிக்கு யாரும் வரவில்லை. பத்து மணிக்கு வருகிறார், நின்றுகொண்டே பேசுகிறார்.

குழுவில் இருந்த மற்றப் பெண்களிடம் போவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் ஏற்பாடு. இவளுக்காக இரண்டு பேர் கைக்காசு போட்டிருந்தார்கள், அவர்களும் பீடி சுற்றுகிறவர்கள்தான். "சொல்லியிருந்தா நாங்க என்ன தூக்கியா போட்டிருப்போம்" என்று லீடர் அக்கா கத்தினார். கத்தட்டும். அந்தப் பணத்தைத்தான் முதலில் கொடுத்தோம்.

ஆப்காரர்கள் போனில் இருக்கும் எல்லா நம்பருக்கும் படம் அனுப்புவோம் என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். கடன் ஆப்புகள் போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். மிரட்டல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 1930க்குப் புகார் செய்துவிட்டு, மூத்தவள் சீட்டை முன்கூட்டியே எடுத்து அசல் பாக்கியை ஒரே தடவையில் அடைத்தோம். மாணவர்கள் யாராவது படித்தால் ஒன்று சொல்கிறோம்: படம் வரும் என்ற பயத்தில் இன்னொரு ஆப்பில் எடுத்து இந்த ஆப்பில் கட்டாதீர்கள். இவள் ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டாள்.

பாக்கி, பைக். ஆர்.சி. புத்தகத்தில் இவள் பெயர். வண்டி அவனிடம். நாளைக்கு அவன் யார் மேலாவது மோதினாலும் பதிவான உரிமையாளர் என்று இவளைத்தான் தேடி வருவார்கள். இரண்டாவது சாவி இவள் கைப்பையில் கிடந்தது. ஆனி முதல் வாரம், சீசன் ஆரம்பித்திருந்தது. "வண்டியை எடுத்துக்கொள்கிறோம்" என்று முந்தின நாளே அவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு, ஆர்.சி. நகலோடு தென்காசியிலிருந்து டவுன் பஸ் ஏறினோம். மேலகரம் தாண்டும்போதே சாரல். அம்மாவும் வருவேன் என்று வந்துவிட்டாள், தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு.

ஐந்தருவிப் பக்கம் அவன் கடைக்குப் பின்னால் வண்டி நின்றது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற கூட்டம், பழக்கடை, பஜ்ஜி வாசனை. அவன் எங்களைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய சித்தப்பா ஒருவர்தான் வந்து, "பொம்பளைய வந்து நடுரோட்டுல நிக்கிறிய. பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சிரலாம்லா" என்றார். எப்படிப்பட்ட பெரியவர்கள், எங்கே உட்காருவார்கள், எங்களை எங்கே உட்காரவைப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். "பேச ஒண்ணும் இல்லண்ணே. வண்டி என் பேர்ல இருக்கு" என்று இவள் சொன்னாள். சாவியைப் போட்டாள். மழையில் நனைந்த வண்டி ஐந்தாறு உதைக்குப் பிறகுதான் கிளம்பியது. அதுவரைக்கும் அம்மா அந்தச் சித்தப்பாவுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றாள், அசையவில்லை.

வண்டியை விற்றதில் 58,000 வந்தது. கடனை முன்கூட்டி முடிக்க ஃபைனான்ஸ் கேட்டது 67,400. குறைந்த 9,400 அதே குற்றாலத்தில் வந்தது. சீசன் முடியும்வரை அம்மாவும் இவளும் சாயங்காலம் ஒரு லாட்ஜில் பாத்திரம் கழுவினார்கள். பெட்டியில் இருந்த தடையில்லாச் சான்றிதழ் வாங்கும்போது இவள் கொஞ்சம் அழுதாள். வண்டியில் ஒரு தடவைகூட அவள் தனியாகப் போனதில்லை, ஐந்தருவியிலிருந்து வந்த அந்த ஐந்தாறு கிலோமீட்டரைத் தவிர.

தோழர்கள் சிலர் வழக்குப் போடலாமே என்றார்கள். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் 1987 சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு, போய்க் கேட்டோம். சேர்ந்து வாழ்ந்திருந்தால் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பண நிவாரணம் கேட்க இடமிருக்கிறது. இவர்கள் ஒரு நாளும் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. அவனுக்குக் கொடுத்ததற்கு இவள் எழுத்தும் வாங்கவில்லை. வழக்கை விட்டுவிட்டோம். ஒரு கணக்கு எழுதி அவனுக்கு அனுப்பினோம். ஒரு தடவை 3,000 அனுப்பினான், பிறகு நம்பர் மாறிவிட்டது. போன் தவணை மட்டும் இன்னும் மூன்று மாதம் கட்ட வேண்டும். அந்தப் போனில்தான் அவன் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறான் என்பதை நினைத்தால் எங்களுக்கே ஆத்திரம் வருகிறது. இவள் சிரித்துவிடுகிறாள்.

தையற்கடை அக்கா மட்டும் வட்டியும் கேட்கவில்லை, தேதியும் சொல்லவில்லை. படிப்பை முடிக்க 1920இல் லண்டனுக்குத் திரும்பப் போன அம்பேத்கருக்கு நண்பர் நவல் பாதேனா கடன் கொடுத்ததை மூத்தவள் சொன்னபோது, "அவரு திருப்பிக் குடுத்தாரா?" என்றுதான் அக்கா கேட்டார். மாதம் ஆயிரம் கொடுத்துவருகிறோம், நோட்டில் அவருடைய கையெழுத்தோடு.

சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. ஐப்பசியில் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்க வேண்டும். அதற்கு இந்த வாரம் நோட்டில் 400 ஒதுக்கியிருக்கிறோம்.