கர்சர் கணக்கு

டெர்மினலில் வேலை செய்கிறவருக்கு, அடுத்த எழுத்து எங்கே விழும் என்று காட்டுவது கர்சர்தான். அது இடம் தவறினால் திரையில் தெரியும் கட்டளை ஒன்று, ஷெல்லிடம் இருக்கும் கட்டளை வேறொன்று. சர்வரில் கோப்புகளை அழிக்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் பொல்லாதது. அதனால் கர்சர் கோளாறை நான் அலட்சியமாக விடுவதில்லை.

பாஷ் ஷெல்லால் திரையைப் பார்க்க முடியாது. எத்தனை எழுத்து அனுப்பினோம், வரிக்கு எத்தனை கட்டம் என்று அது எண்ணிக்கொண்டே போகிறது. டெர்மினலும் தன் பங்குக்கு எண்ணுகிறது. இரண்டு எண்ணிக்கையும் எங்கே பிரிந்தன என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

அடியோடு மறைந்த கர்சரை மீட்பது சுலபம். முன்னேற்றப் பட்டை வரையும் நிரல் கர்சரை மறைத்துவிட்டு, திரும்பக் காட்டுவதற்குள் செத்திருக்கும். ‘டிபுட் சிநார்ம்’ என்று தட்டினால் வந்துவிடும். மறைக்கவும் காட்டவும் இன்றைய டெர்மினல்கள் பின்பற்றும் குறியீடு, டெக் நிறுவனம் 1983இல் வெளியிட்ட விடி220 டெர்மினலின் காலத்தது. ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் வெளியேறும் இடத்தில் ‘ட்ராப்’ வைத்து இந்தக் கட்டளையைச் சேர்த்துவிடுவது நல்லது. சிக்னல் 9 வந்தால் மட்டும் அதுவும் உதவாது.

நீண்ட கட்டளை அடுத்த வரிக்கு இறங்காமல் அதே வரியின் மேல் எழுதினால், முதலில் பிராம்ப்டைச் சந்தேகிப்பேன். வண்ணக் குறியீடுகள் திரையில் ஒரு கட்டத்தையும் பிடிப்பதில்லை. \[ \] இரண்டுக்கும் நடுவில் வைக்காவிட்டால் பாஷ் அவற்றையும் எழுத்தாக எண்ணிவிடும். பிஎஸ்1 மாறியில் தற்காலிகமாக வெறும் டாலர் குறியை வைத்துப் பாருங்கள். கோளாறு போனால் குற்றவாளி பிராம்ப்ட்தான். போகாவிட்டால் ‘எஸ்டிடிஒய் சைஸ்’ காட்டும் அளவைச் சன்னலோடு ஒப்பிட வேண்டும். சீரியல் கன்சோல் சன்னலின் அளவைச் சொல்லி அனுப்பாது. அங்கே வரிசை, நெடுவரிசை எண்ணிக்கையை நாமே கொடுக்க வேண்டும்.

தமிழில் பெயரிட்ட கோப்புகளில் சிக்கல் இன்னும் ஆழம். ‘கா’ என்பதில் யூனிகோடுக்கு இரண்டு குறிகள். துணைக்காலை ஒரு நிரல் ஒரு கட்டமாக எண்ணும். இன்னொன்று கட்டமே இல்லை என்று விட்டுவிடும். இது பயனர் அமைப்புகளில் தீரும் விஷயமில்லை. ஷெல்லும் டெர்மினலும் ஒரே அகலப் பட்டியலைப் பின்பற்ற வேண்டும். அதுவரை, அழிக்கும் கட்டளைக்கு முன்னால் ‘எக்கோ’ சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் அழிப்பேன்.

‘ரீசெட்’ கட்டளை திரையைத் தெளியவைக்கும். ஆனால் தவறாக எண்ணும் பிராம்ப்ட் அப்படியே இருக்கும். அடுத்த நீண்ட கட்டளையிலேயே கோளாறு திரும்பிவிடும். எண்ணிக்கை பிரிந்த இடத்தைத் தேடி அங்கே திருத்துகிறவருக்குத்தான், திரையில் பார்த்ததை நம்பி என்டர் தட்டும் தைரியம் கிடைக்கும்.