ஒற்றை டிக்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் கடைசிப் பத்தியை மட்டுமாவது படித்துவிட்டு, வீட்டுப் பெரியவர்களின் போனைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 10.40-க்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் அக்கா வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருக்கிறாள். "தம்பி, தலை சுத்துது. முழிச்சிருக்கியா?" இங்கே ராஜபாளையத்தில் என் போன் தலைமாட்டில்தான் கிடந்தது. சத்தமும் வைத்திருந்தேன். ஒரு சிணுங்கல் இல்லை. காலை 5 மணிக்கு வாட்ஸ்அப்பைத் திறந்ததும் பொலபொலவென்று 17 செய்திகள் விழுந்தன. 16 காலை வணக்கம் (நம் ஆட்கள் நாலரைக்கே ஆரம்பித்துவிடுவார்கள்). நடுவில் அக்கா.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் அன்றைக்கு அது மதுரை தூரம். போனால், அக்கா வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். ராத்திரி சர்க்கரை இறங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் சீனியைக் கரைத்துக் கொடுத்துக் கூடவே படுத்திருக்கிறாள்.

"ஏன்க்கா போன் பண்ணலை?"

"அந்நேரத்துல மணி அடிச்சா நீ பதறிருவேல்ல. மெசேஜு போட்டேன். ஒத்த டிக்குதான் விழுந்துச்சு. சரி, அணைச்சிட்டுத் தூங்கிட்டான்னு விட்டுட்டேன்."

ஒற்றை டிக் என்றால் செய்தி அவர்களுடைய சர்வர் வரை போய்விட்டது, என் போனுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். வந்து சேர்ந்தால்தான் இரண்டு டிக். வைஃபை இருந்தது, சார்ஜ் இருந்தது. பிறகு ஏன் வரவில்லை? சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் லீவுக்கு வந்திருந்தான். அவனிடம் கேட்டேன்.

"சார், செய்தி வந்திருக்கான்னு போன் தெரிஞ்சுக்க ரெண்டு வழி. ஒண்ணு போலிங், இன்னொண்ணு புஷ்" என்றான். போலிங் என்றதும் எனக்கு வாக்குச்சாவடிப் பணியும் ராத்திரிக் கொசுக்கடியும்தான் நினைவுக்கு வந்தன. அது இல்லையாம். போன் சர்வரிடம் போய் "ஏதாவது இருக்கா, ஏதாவது இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. தபால்காரரை மறித்து "எனக்கு ஏதும் இருக்கா?" என்று தினமும் கேட்பதுபோல. புஷ் என்பது தந்தி. வந்தால் வீடு தேடி வந்து கதவைத் தட்டும்.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் ஒரு நாளைக்கு 1,440 தடவை. எனக்கு வருவது 20 செய்தி. குறைந்தது 1,420 கேள்விக்கு "ஒன்றுமில்லை" என்றே பதில். இப்படி ஐந்து செயலி ஆளுக்கு ஆள் கேட்டால் 7,200. பேட்டரி தாங்காது. அதற்காகத்தான் ஆப்பிள் 2009 ஜூனில் ஒரே பொது வழி போட்டது. போனிலிருந்து ஆப்பிள் சர்வருக்கு ஒரே இணைப்பு, எல்லாச் செயலிகளின் செய்தியும் அதன் வழியே வரும். அடுத்த வருடம் கூகுளும் ஆண்ட்ராய்டில் அதைக் கொண்டுவந்தது. வாட்ஸ்அப்பே முதலில் "பிஸியாக இருக்கிறேன்", "பேட்டரி இல்லை" என்று நம் நிலையைப் போட்டு வைக்கும் செயலிதானாம். புஷ் வந்த பிறகு, ஒருவர் நிலையை மாற்றியதும் நண்பர்களின் போன் சிணுங்கியது. ஜனங்கள் அதிலேயே பேச ஆரம்பித்தார்கள். அப்படித்தான் அது செய்தி அனுப்பும் செயலி ஆனது.

என் போனில் நடந்தது என்னவென்றால், அந்தக் கம்பெனி பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, நான் கொஞ்ச நேரம் தொடாத செயலிகளை அடியோடு நிறுத்திவிடுகிறது. நிறுத்திய செயலியைப் புஷ்ஷாலும் எழுப்ப முடியாது. தந்திக்காரர் வருகிறார், வீடு பூட்டிக் கிடக்கிறது. இதை அந்தக் கம்பெனி பெட்டியின் மேல் அச்சடித்திருக்கலாம். "இரண்டு நாள் பேட்டரி" என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்.

அவன் கிளம்பும்போது இன்னொன்று சொன்னான். "புஷ்லயும் கேள்வி கேக்குறது முழுசா நிக்கலை சார். அந்த இணைப்பு அறுந்துபோனாலும் அமைதிதான், செய்தி இல்லாட்டியும் அமைதிதான். வித்தியாசம் தெரியாது. அதனால அப்பப்ப 'இருக்கியா'ன்னு ஒரு சின்னத் தட்டு தட்டிப் பாக்கும். அதுக்கு ஹார்ட்பீட்னு பேரு."

அன்றிரவு இதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஓய்வு பெற்ற புதிதில் ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டுக்குப் போவேன். "என்னக்கா விசேஷம்?" "ஒண்ணுமில்லடா." ஒரு டம்ளர் காபி. வீதியில் ஒரு நடை, தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம், திரும்பும்போது வீட்டுக்குக் கால் கிலோ பால்கோவா. அக்காவுக்கு நான்தான் போன் வாங்கிக் கொடுத்தேன். வாட்ஸ்அப் போட்டதும் ஞாயிறு மாதம் ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றது. ஏதாவது என்றால் அவளே சொல்வாளே என்று இருந்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை விடியலில் போனபோதுதான் எண்ணிப் பார்த்தேன், நான்கு மாதம் ஆகியிருந்தது. கையெல்லாம் மெலிந்து வளையல் முழங்கை வரை ஏறுகிறது. "ஒண்ணுமில்லடா" என்று அவள் சொல்வதை நேரில் கேட்டிருந்தால், அது பொய் என்று முகத்திலேயே தெரிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் அவள் அதைக்கூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டாக்டரிடம் காட்டி மாத்திரை அளவைக் குறைத்தாயிற்று. இப்போது பரவாயில்லை. இந்த மாதம் நான்கு ஞாயிறும் போய்விட்டேன். "வேலை இல்லையாடா உனக்கு?" என்கிறாள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய் "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அரட்டை வைத்திருந்தால் அதற்கும் இதே. சில போன்களில் "ஆட்டோ ஸ்டார்ட்" என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள். பிறகு அந்தப் போனை ஒரு மணி நேரம் யாரும் தொடாமல் வைத்துவிட்டு, வேறு போனிலிருந்து ஒரு செய்தி அனுப்புங்கள். சத்தம் வர வேண்டும், அனுப்பியவருக்கு இரண்டு டிக் விழ வேண்டும். அக்கா போனிலும் இதைச் செய்து, "வந்துச்சா?" என்று அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. பதில்தான் மறுநாள் காலையில் வந்தது. கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டாளாம்.